வள்ளங்கள் தண்ணீர் எடுத்த வீடு

லூசியா என்ற பெயர் மாக்கிறட்டின் காதில் முதன்முதலாக விழுந்தது காய்ச்சலுக்குள்ளே. அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். சோளகக் காற்று விடாமல் ஊதிய ஒரு மத்தியானம். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல், உலரப் போட்டிருந்த வலையின் நிழலில் தாய் அவளைப் பாய் விரித்துக் கிடத்தியிருந்தாள். வலைக் கண்களுக்குள்ளால் வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் தன்பாட்டில் மிதந்து போனது. எங்கேயோ வெகுதூரத்தில் தகப்பன் பேசிக்கொண்டிருந்தார்.

"பேசாலையில சிங்கராசாவின்ர மூத்த தாரத்து மகள். லூசியாவாம் பேர். எங்கட டொமினிக்குச் சரிவரும் போல கிடக்கு."

காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு அது யாரோ தூரத்திலிருந்து புறப்பட்டு நடந்து வருகிற சத்தம்போலக் கேட்டது. காய்ச்சல் விட்ட பிறகும் அந்தப் பெயர் விடவில்லை. டொமினிக் அவளுடைய ஒரே அண்ணன். அண்ணனுக்கு வரப்போகிறவளை அவள் கலியாணத்துக்கு முன்னமே பலமுறை கனவில் கண்டுவிட்டாள். ஒவ்வொரு கனவிலும் ஒவ்வொரு முகம்.

லூசியா தலைமன்னார் ரயிலில் வந்து இறங்கினாள். கனவில் வந்த முகம் ஒன்றும் அவளுக்கு இல்லை. சின்ன முகம், பெரிய பல், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். தாலி கட்டி, டொமினிக்கின் ஊரான கீரிக்கு வந்தவள், முற்றத்துக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, நின்ற நிலையிலேயே வாய் வைத்துக் குடித்தாள்.

"இதுக்குள்ள சீனியே போட்டு வைச்சிருக்கிறியள்?" என்றாள்.

புதுப்பெண்ணைப் பார்க்க வந்திருந்த அயல் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆனால் அவள் கேட்டதில் பிழை இல்லை. அந்த ஒழுங்கை வீடுகளில் எல்லாக் கிணறும் சவர், உப்புக் கரிக்கும். டொமினிக் வீட்டுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். பின்னாளில் மாக்கிறட் கலியாணம் கட்டிப் பக்கத்து வளவுக்குத்தான் போனாள், அங்கேயும் சவர்தான். சாகும்வரை குடிதண்ணீருக்கு அண்ணன் வீட்டுப் படலையைத் திறக்க வேண்டும் என்பது அவளுக்கு எழுதப்பட்டதுபோல ஆகிவிட்டது.

கீரி இருந்த தீவின் தண்ணீர் அப்படி. தோண்டத் தோண்ட வருவது கடல். அந்த உப்புத் தண்ணீரின் மேல், மாரிக்குப் பெய்த மழை மணலுக்குள்ளே ஒரு பாய் விரித்ததுபோல மெல்லப் படுத்திருக்கும். பாய் எந்த இடத்தில் தடிப்பு, எந்த இடத்தில் கிழிசல் என்று மேலே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. மெதுவாக அள்ளினால் அது படுத்த மாதிரியே படுத்திருக்கும். மாக்கிறட் சில மத்தியானங்களில் கிணற்றுக் கட்டில் சாய்ந்திருந்து, தன் காலுக்குக் கீழே ஒரு தண்ணீர் நித்திரை கொள்கிறது என்று நினைத்துக்கொள்வாள். நினைத்தபடியே தானும் கண்ணயர்ந்து போவாள்.

அந்தக் கிணறு ஊருக்குப் பெரிய கிணறு ஆனது டொமினிக் கடலில் அலைந்து திரும்பிய பிறகுதான். மீனுக்குப் போன இடத்தில் எஞ்சின் நின்று, பாய் கிழிந்து, காற்று இழுத்த பக்கம் வள்ளம் போனது. கரையில் செத்தவர்களுக்கான பூசைக்கும் கொடுத்துவிட்டார்கள். இராமேஸ்வரத்துக்காரர் யாரோ கண்டு ஏற்றி, பல அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கி, தாடியும் எலும்புமாக வள்ளத்தில் போன நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டவர்களுக்கு டொமினிக் ஒரே பதில் சொன்னார்: "லூசி அள்ளி விட்ட கான் தண்ணி. மூடியால அளந்து குடிச்சம்."

அதோடு கீரிக் கரையில் எந்த வள்ளமும் வேறு தண்ணீர் ஏற்றவில்லை. பின்நேரம் வெயில் சாய்ந்து பனைகளுக்குப் பின்னால் கடல் பித்தளை நிறம் ஆகும் நேரம், ஆட்கள் கானும் கையுமாக லூசியாவின் படலைக்கு வருவார்கள். அவள்தான் அள்ளி ஊற்றுவாள். ஊற்றும்போது கானின் வாயில் சின்னதாக ஒரு சிலுவை வரைவாள். யாரோடும் பேசமாட்டாள். அவர்களும் பேசமாட்டார்கள். கப்பி கிறீச்சிடும், தண்ணீர் கானுக்குள் ஏறும் சத்தம் தடித்துத் தடித்து வரும், மணலில் கால்கள் போகும். மாக்கிறட் தன் வேலிக்கு மேலால் அதைப் பார்த்து நிற்பாள். பூசையில் நிற்பதுபோல இருக்கும். கொஞ்சம் பொறாமையும் இருக்கும். அது தான் பிறந்த வீட்டுக் கிணறு, பெயர் மட்டும் வந்தவளுக்கு.

பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. கடலுக்குக் கொண்டுபோகும் தண்ணீரைப் பற்றி அந்தக் கரையில் குறை சொல்லக்கூடாது. சவர் என்றோ, சேறு என்றோ, சூடு என்றோ ஒரு சொல் வாயில் வந்தால் அது வள்ளத்துக்குச் சொன்ன அச்சொல், கெட்ட சகுனம். கடலில் நின்று சொன்னால் இன்னும் மோசம். தண்ணீர் எப்படி இருந்தாலும் குடித்துவிட்டு வாயைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர்களுடைய வளவுக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், ஐஸ் கொம்பனி என்று ஒன்று இருந்தது. மீனுக்கு ஐஸ் உடைத்து விற்றார்கள். வள்ளங்களுக்கு மண்ணெண்ணெயும் அங்கேதான். நிலத்துக்குள் ஒரு பெரிய தாங்கி புதைத்து, அதிலிருந்து பம்பால் அடித்துக் கொடுப்பார்கள். சண்டை தொடங்க முன்னமே கொம்பனி பூட்டப்பட்டது. முதலாளி போன திசை தெரியாது. தாங்கிக்குள் என்ன மிச்சம் கிடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு சண்டை வந்தது. சனம் மடு மாதா கோயிலுக்கு ஓடியது, வந்தது, திரும்ப ஓடியது. கடைசியாக வந்து சேர்ந்த அன்று லூசியா வீட்டுக்குள் போகவில்லை. கூரை இல்லாத வீட்டைத் தாண்டி நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"இருக்கடி மச்சாள். அப்பிடியே இருக்கு," என்றாள். மாக்கிறட்டும் எட்டிப் பார்த்தாள். கீழே இரண்டு நரைத்த தலைகள் அசைந்தன.

சண்டை முடிந்து சில வருடத்தில், ஐஸ் கொம்பனிக் காணியில் ஹோட்டல் வரப்போகிறது என்று பலகை நட்டார்கள். பலகையில் நீலக் கடலும், தென்னையும், குடைக்குக் கீழே படுத்திருக்கும் வெள்ளைக்காரியும். ஊர்ப் பெடியளுக்கு வேலை என்றார்கள். மாக்கிறட்டின் கடைக்குட்டியும் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். நிலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க மெஷின் வந்து அங்கங்கே குழி தோண்டியது. ஒருநாள் இரும்பில் இரும்பு மோதின சத்தம் ஒன்று கேட்டது. பிறகு மெஷின் வேறு பக்கம் போய்விட்டது.

அந்த மாசியில்தான் கிணற்றுக்குள் வானவில் வந்தது. லூசியா வேலியால் கூப்பிட்டாள்.

"மாக்கிறட், ஓடி வா, ஒரு வடிவு காட்டுறன்."

வெயில் நேராக விழும் நேரம். தண்ணீரின் மேல் ஊதாவும் பச்சையும் மெல்ல மெல்ல ஒன்றுக்குள் ஒன்று போய் வந்தன. மயில் ஒன்று உள்ளே சிறகை விரித்து மடிக்கிறதுபோல. இரண்டு பேரும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். மாதா ஏதோ காட்டுகிறாள் என்றுகூட மாக்கிறட்டுக்கு ஒரு எண்ணம் வந்தது. அன்று பின்நேரமும் வள்ளங்கள் வந்து தண்ணீர் எடுத்துப் போயின.

மணம்? மணம் இருந்தது. ஆனால் அந்தக் கரையில் மண்ணெண்ணெய் மணம் யாருக்குப் புதிது? எஞ்சினுக்கு அதுதான். உடுப்பில் அது, கையில் அது, தண்ணீர்க் கான்கூட முந்தி மண்ணெண்ணெய் கொண்டுவந்த கான்தான். மாக்கிறட்டின் பேரப்பிள்ளை பாலைத் துப்பியபோது, பால்மாவில் பிழை என்று அவள் நினைக்கவில்லை, தண்ணீரில் பிழை என்றும் நினைக்கவில்லை. பிள்ளைக்குக் கொழுப்பு என்று முதுகில் ஒன்று போட்டாள்.

பங்குனியில் முருங்கனிலிருந்து சிவபாக்கியம் வந்தாள். வயல்காரி. லூசியாவுக்கும் அவளுக்கும் சண்டைக்கு முந்தின பழக்கம். மடுவில் அகதியாக இருந்தபோது இருவர் கூடாரத்துக்கும் ஒரே கயிறு. வருடா வருடம் அறுவடை முடிந்ததும் புது அரிசியும், அதைப் பொங்க ஒரு புதுப் பானையும் பஸ்ஸில் கொண்டுவருவாள். திரும்பும்போது கருவாடு. வந்து இருந்ததும் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தாள், முகம் சுருங்கியது.

"என்ன லூசியாக்கா, எனக்கு விளக்குக்கு விடுற எண்ணெயைத் தந்திட்டியள்?"

"உன்ர வயல்காட்டு மூக்கு அப்பிடி," என்றாள் லூசியா. "கரையில மண்ணெண்ணெய் மணக்காத சாமான் என்ன இருக்கு? மனுசரே மணக்கிறம். ஒருக்கால் இவரைக் கட்டிப்பிடிச்சுப் பார், தெரியும்."

கதிரையில் இருந்த டொமினிக், "என்னை ஏன் இழுக்கிறாய்?" என்றார்.

சிரித்தார்கள். செம்பைக் கழுவித் திரும்பவும் கொடுத்தார்கள். சிவபாக்கியம் குடிக்கவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. மூன்று கல் வைத்து, தான் கொண்டுவந்த பானையை ஏற்றி, விறகு மூட்டி, கிணற்றுத் தண்ணீர் விட்டுப் புது அரிசியைப் போட்டாள். அந்தப் பானை குயவன் வீட்டிலிருந்து நேரே வந்தது. எண்ணெயையும் காணவில்லை, எஞ்சினையும் காணவில்லை. சோறு கொதித்து ஆவி எழும்பியபோது, வேலியால் வந்திருந்த மாக்கிறட்டும் சேர்த்து மூன்று பெண்களும் குனிந்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. புது அரிசியின் வாசத்துக்கு நடுவே, நனைந்த விளக்குத் திரியின் மணம்.

லூசியா மெதுவாக எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அன்றைக்கும் அங்கே வானவில் நின்றது.

அடுத்த நாள் காலை மச்சாள்மார் இருவரும் ஐஸ் கொம்பனி வாசலுக்குப் போனார்கள். ஹோட்டல் வேலையைப் பார்க்கிற, தொப்பி போட்ட ஒரு தம்பி வந்தான். கொழும்புப் பக்கம், நல்ல தமிழ் பேசினான், மரியாதையாகத்தான் பேசினான்.

"பழைய தாங்கி ஒன்று இருந்ததுதான் அம்மா. அதைப் பிறகு பார்ப்போம். இவ்வளவு சனம் இருக்கிற ஊர், இதுவரைக்கும் ஒருத்தர் வந்து முறைப்பாடு சொல்லவில்லையே? தண்ணீர் கெட்டிருந்தால் எல்லோருக்கும் மணந்திருக்கும்தானே."

திரும்பி வரும் வழியில் லூசியா வேகமாக முன்னால் நடந்தாள். மாக்கிறட்தான், "விடுங்கோ மச்சாள். ஹோட்டல் வந்தா பெடியளுக்கு வேலை. குழாய்த் தண்ணியும் தருவினமாம்," என்றாள்.

"அதுவரைக்கும் ஊர் என்னத்தைக் குடிக்கும்?"

"இவ்வளவு நாளும் குடிச்சதைத்தான்."

லூசியா நின்று அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மாக்கிறட்டுக்குத் தன் பேரப்பிள்ளையின் முதுகு ஞாபகம் வந்தது. உள்ளங்கை சுட்டது.

அன்று பின்நேரம் முதல் ஆளாக வந்தவன் வலன்ரைன். நாலு வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி, டொமினிக்கோடு அன்று கடலில் அலைந்தவர்களில் ஒருவரின் மகன். லூசியா வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"தம்பி வலன்ரைன், இந்தத் தண்ணியில உனக்கு ஏதும்…"

"அக்கா!" அவன் கையை உயர்த்தினான். "கடலுக்குப் போற நேரம். வாயைத் திறவாதையுங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

பின்னால் கானோடு நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். லூசியா அள்ளினாள், ஊற்றினாள். சிலுவை வரைய விரல் எழும்பியது, கானின் வாயைத் தொடாமல் திரும்பிவிட்டது. வேலிக்கு மேலால் மாக்கிறட் அதைக் கண்டாள். இத்தனை வருடத்தில் அது ஒருநாளும் நடந்ததில்லை. அந்தக் கிணறு இல்லாவிட்டால் லூசியா இந்த ஊருக்கு யார்? பேசாலையிலிருந்து வந்த ஒருத்தி. தண்ணீர் கெட்டதைச் சொன்னால் கிணற்றின் பெயர் போய்விடும், சொல்லாமல் விட்டால் மண்ணெண்ணெய் கான்களுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுச் சரிந்த மாக்கிறட்டை யாரோ உலுக்கினார்கள். "மாமி, கொண்ணர் வீட்டில…" எழுந்து வேலியால் பார்த்தாள். அண்ணன் வீட்டுப் படலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முற்றத்தில் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. கிணற்றுக் கட்டில் வாளி கவிழ்ந்து கிடந்தது, கயிறு கப்பியிலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்திருந்தது. செத்தவீட்டுக் கிணற்றில் ஒருவரும் தண்ணீர் அள்ளமாட்டார்கள். லூசியா கறுப்புச் சேலை உடுத்து வாசலில் இருந்தாள்.

மாக்கிறட் எப்படி அந்த வேலியைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. "ஐயோ என்ர அண்ணை! என்ர ஒரே அண்ணை!" என்று தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு போய் முற்றத்தில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலாக வந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து டொமினிக் பிளேன்ரீக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"நான் இல்லை," என்றார். "எனக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. கதிரை தூக்கித்தா எண்டாள், தூக்கிக் குடுத்தன்."

"அப்ப ஆர் மச்சாள்? ஆர் செத்தது?"

"ஆக்கள் வரட்டும்," என்றாள் லூசியா. "ஆம்பிளையளும் வரட்டும்."

வந்தார்கள். மரணம் நடந்த நாளில் அந்தக் கரையில் வள்ளம் இறங்காது. வலையைப் போட்டுவிட்டு, கால் கழுவி, சேட்டு மாட்டிக்கொண்டு வரிசையாக வந்து இருந்தார்கள். வலன்ரைன், "கோயில் மூப்பரிட்டச் சொல்லி மணி அடிக்கவோ?" என்று காதோடு கேட்டான்.

"இண்டைக்குக் கடலுக்குப் போறியளோ?" என்று லூசியா எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"செத்தவீட்டண்டு ஆர் போவான்?"

"அப்ப இண்டைக்குத் தண்ணியைப் பற்றிக் கதைச்சா அது அச்சொல் இல்லை. என்ர கிணறு செத்துப்போச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டனான்."

வலன்ரைன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "விசரோ உங்களுக்கு? ஒரு நாள் தொழிலைக் கெடுத்து விளையாட்டுக் காட்டுறியள்!" அவனோடு இன்னும் சிலர் எழும்பினார்கள். லூசியா உள்ளே போய் முருங்கன் பானையைத் தூக்கிவந்து, அன்று காலை திரும்பவும் பொங்கிய சோற்றில் ஒவ்வொரு பிடி எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். செத்தவீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாயில் போட்டார்கள்.

முதலில் ஒரு கிழவர் வாயைத் திறந்தார். "நான் என்ர கான் எண்டெல்லோ நினைச்சன்."

"நானும்தான். இந்த மாதம் புதுக்கான் வாங்கினனான். அதுவும் மணக்குது. கடைக்காரனைப் போய் ஏசிப்போட்டு வந்தனான்."

"என்ர மனிசி கானைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு அடி ஓட்டையாப் போச்சு!"

"உன்ர மனிசி உன்னையும் ஒருக்கால் அப்பிடித் தேய்ச்சா நல்லது."

சிரிப்பு ஒன்று எழும்பி, பிறகு தானாகவே அடங்கியது. கதிரைகளில் இருந்த ஒவ்வொருவரும் தனியே அறிந்து, தனியே விழுங்கி, கரைக்கு வந்து வாயைத் துடைத்தவர்கள். வலன்ரைன் கடைசியாகத்தான் பேசினான். நின்ற நிலையிலேயே, யாரையும் பாராமல். "என்ர பெடியன் கடலில வயிற்றைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவன். நான் அவனைப் பயந்தாங்கொள்ளி எண்டு பேசினனான், அக்கா."

அன்று பின்நேரம் அவர்கள் எல்லோரும் ஐஸ் கொம்பனி வாசலுக்கு நடந்து போனார்கள். செத்தவீட்டு உடுப்போடு, செத்தவீட்டு நடையாக, சத்தம் இல்லாமல். வெயில் முதுகில் விழுந்து, நிழல்கள் முன்னால் நீண்டு, ஆட்களுக்கு முன்னமே வாசலைப் போய்த் தொட்டன. தொப்பி போட்ட தம்பி வெளியே வந்து, தொப்பியைக் கழற்றினான். பாடை எங்கே என்று தேடினான் போல. வலன்ரைன்தான் சொன்னான்: "முறைப்பாடு கேட்டியளாம். இந்தா வந்திருக்கிறம்."

அதன்பிறகு நடந்ததெல்லாம் மாக்கிறட்டுக்கு ஒரு நீண்ட பகல் நித்திரைபோலத்தான் ஞாபகம். அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆட்கள் வந்து போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்தார்கள். தாங்கியைத் தோண்டித் தூக்கியபோது அதன் வயிற்றில் மெஷின் பல் பதிந்த வாய் ஒன்று இருந்தது. சுற்றியிருந்த மணல் கறுப்பு. லொறி லொறியாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஹோட்டல் கட்டுவதை நிறுத்திவைத்தார்கள். பலகையில் இருந்த வெள்ளைக்காரி வெயிலில் வெளுத்து, குடை மட்டும் மிஞ்சியது. மாக்கிறட்டின் கடைக்குட்டி வேலைக்கு வவுனியா போனான், அதற்காக அவன் மாமி லூசியாவோடு கொஞ்சக் காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊருக்குத் தண்ணீர்ப் பவுசர் வந்தது. பிறகு பள்ளிமுனைப் பக்கமிருந்து குழாய் வந்தது.

லூசியாவின் கிணற்றைச் சோதித்தவர்கள், இனி இது குடிக்கவும் வேண்டாம், குளிக்கவும் வேண்டாம் என்றார்கள். எப்போது சரிவரும் என்று கேட்டதற்கு, மணலுக்குள் போனதை மணல்தான் விட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சீமெந்துப் பலகை போட்டு மூடினார்கள். மூடும்போது லூசியா அழவில்லை. மாக்கிறட்தான் அழுதாள். பொறாமைப்பட்ட கிணறு அல்லவா.

பின்நேரங்களில் படலைக்கு ஒருவரும் வருவதில்லை. கடல் பித்தளை நிறம் ஆகும் நேரம் லூசியா பழக்கதோசத்தில் எழுந்து முற்றத்துக்கு வருவாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நிற்பாள். மாக்கிறட் வேலிக்கு மேலால், "என்ன மச்சாள்?" என்று கேட்பாள். "ஒண்டுமில்லை, காத்துக்கு வந்தனான்," என்பாள் மற்றவள். இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள். வள்ளங்கள் குழாய்த் தண்ணீரோடு ஒவ்வொன்றாக வெளிக்கிட்டு, வெளிச்சத்துக்குள் போய், இல்லாமல் போகும்.

டொமினிக் அதற்கடுத்த வாடைக் காலத்தில் காலமானார். அன்றைக்கும் வள்ளங்கள் இறங்கவில்லை. வலன்ரைன் பாடையின் முன் கம்பைத் தோளில் பிடித்தான். அடுத்த மாதம் லூசியா வீட்டைப் பூட்டினாள். திறப்பை மாக்கிறட்டிடம் கொடுத்தாள்.

லூசியா இப்போது பள்ளிமுனையில், இளைய மகள் றோசம்மாவின் வீட்டில் இருக்கிறாள். கண் கொஞ்சம் மங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் வருகிறாள்.